எதிர்க் குழி

ஊசிக்கு மறுபடி மூடி போடாதே என்று
சுவரில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
நான்காவதாக என் கட்டைவிரல் படித்தது,
சயான் லேபில், ஒரு மழை ராத்திரி.

குழாயடியில் கையை நீட்டி நின்றேன்.
பிதுக்காதே, தண்ணீர் ஓடட்டும் என்றான் பரேஷ்.
ஓடியது.
ஜன்னலுக்கு வெளியே கடைசி தாணே வண்டியும்.

பதிவேட்டில் எழுதினேன்:
இருபத்தியிரண்டு கேஜ். இரட்டைக் கையுறை இல்லை.
ஒரு பொட்டு ரத்தம், கடுகளவு.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
தூக்கம் என்று எழுத முடியாது,
அவசரம் என்று போட்டேன்.

பிறகு பரேஷ் என் கையில் பட்டை இறுக்கி எடுத்தான்.
பெயர்ச்சீட்டை நானே ஒட்டினேன்:
பியூலா, முப்பத்துநான்கு, பெ.
குழாய் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
அதைத் தூக்க
புது ஜோடி கையுறை மாட்டிக்கொண்டேன்,
முகக்கண்ணாடியும்.
என் ரத்தம்தான்.
இருந்தாலும்.

சென்ட்ரிஃப்யூஜில் ஒற்றைக் குழாய் வைத்தால்
மேசையே அதிரும்;
எடைக்கு எடை எதிரே வேண்டும்.
நாற்பத்தேழாம் படுக்கைக்காரரின் குழாயை
எதிர்க் குழியில் இறக்கினேன்.
அந்த ஊசி முதலில் குத்தியது அவரைத்தான்.
அவர் தூங்கிக்கொண்டிருப்பார்,
நடந்தது தெரியாது.

மூடியைப் பூட்டி பொத்தானை அழுத்தினேன்.
அதிர்வே இல்லை.
பத்து நிமிஷம்
நாங்கள் இருவரும் சுற்றினோம்.