மிஸ் ஹேமலேகா என்ன சொன்னாள்

அப்பா சொன்னதுதான் இதெல்லாம்.
சொன்னது என்றால், கையால்.
ஆவாரம்பட்டை ஊறலில் மஞ்சளேறிய கை,
தோல் ஷாப்பு விட்டு வந்தும் நாறும் கை.
பிறந்ததிலிருந்தே அவருக்குக் காது கேட்காது.

பாலாற்று மணலில் அப்போது கொட்டகை.
தண்ணியில்லா ஆறு, சாமியில்லாக் கோயில்,
ராஜா இல்லாக் கோட்டை என்று
வேலூரைக் கேலி பேசுகிறவர்கள்
வாயில்லாப் படத்தையும் அந்த வரிசையில் வைத்தார்கள்.

திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள்,
கொசப்பேட்டை வஜ்ஜிரவேலு.
ராஜகுமாரிக்கும் அவர் குரல், குதிரைக்கும் அவர் குரல்.
"பிராணநாதா, உம்மைப் பிரிந்து உயிர் தரியேன்!"
மீசையோடு அவர் விம்ம
தரை டிக்கெட் மொத்தமும் மூக்கைச் சிந்தியது.

அப்பா மட்டும் சிரித்தார்.
விஷம் குடித்துச் சாகிறாள் மிஸ் ஹேமலேகா,
நாயகன் மடியில் தலை,
உதடு தெளிவாகச் சொல்கிறது:
"மூணு மாசமா காசு வரலை.
உங்க முதலாளிகிட்ட சொல்லு.
முழங்கையை எடுய்யா, முடி இழுக்குது."

பின்னாலிருந்து ஒருத்தன் பிடரியில் அடித்தான்.
அடி விழுந்த பக்கம் திரும்பினால்
பெண்கள் பக்கத்துத் தட்டிக்கு மேலே
முக்காடு போட்ட ஒரு முகம்
இவரையே பார்த்துக்கொண்டிருந்தது.
படத்தைப் பார்க்கவில்லை.

அவள்தான். குடியாத்தத்துக்காரி,
நிஜப்பெயர் காசாம்பு. பதினோரு படம்.
ஒன்று நம் கோட்டைக்குள்ளேயே எடுத்தது.
காலிக் கல்யாண மண்டபத்தின் முன்னால், யாளிகள் பார்க்க,
கல் சுடுவதற்குள் ஆடி முடிக்கணும்.
சாமிதான் இல்லையே என்று எல்லாரும் செருப்போடு நடந்தார்கள்.
இவள் கழற்றி வைத்தாள். உள்ளங்கால் கொப்புளித்தது.
அன்று வாய் திறந்து சொன்னது முழுக்க வசவு.
வஜ்ஜிரவேலு அதைத் தோத்திரமாக்கினார்.

பிறகு படம் பேச ஆரம்பித்தது.
சென்னையில் ஒரு ஹாலில் நிற்கவைத்து
"பாடு" என்றார்கள். பாடினாள்.
"சரி, போயிட்டு வாம்மா."
அவ்வளவுதான்.
காட்பாடியில் இறங்கி, வண்டிக்குக் காசில்லாமல்
ஆற்றைத் தாண்டி நடந்தே வந்தாளாம்,
தகரப்பெட்டி தலையில்.
இந்த இடம் வரும்போது அப்பாவின் கை
தலைக்கு மேல் போகும், கழுத்து நடுங்கும்.

புதுக் கொட்டகையில்
பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை.
முப்பத்திரண்டு வருஷம்.
உள்ளே எல்லாரும் பாடிக்கொண்டே செத்தார்கள்.
அப்பாவுக்கு எரிச்சல்:
மாடு மாதிரி அண்ணாந்து பாடுகிறார்கள்,
ஒரு வார்த்தை புரிவதில்லை.
இடைவேளையில் வாசல் விளக்கடியில்
சத்தமில்லாமல் வாயசைத்து
முதல்பாதிக் கதையை அவருக்குச் சொல்வாள் காசாம்பு.
அம்மாவுக்கு அது பிடிக்காது.
ஒட்டுக்கேட்கக்கூடப் போனாள் ஒருநாள்,
கேட்க என்ன இருக்கிறது?

பதினோரு படமும் இன்று இல்லை.
கழுவி வெள்ளி எடுத்துக்கொண்டு
மிச்சத்தை வளையல் செய்ய எடைக்குப் போட்டார்களாம்.
லாங்கு பஜாரில் அம்மா வாங்கிய பச்சை வளையலில்
அவள் இருந்தாள் என்று எழுத ஆசை.
இருந்திருக்க மாட்டாள். அது கண்ணாடி வளையல்.

அவள் செத்த சேதியை
ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அப்பா சொன்னார்.
இரண்டு விரல் மேலுதட்டில்.
பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரச,
பிறகு வெறுங்கை விரிய.
காசு வரலை.
அவளுக்கு அவர் வைத்திருந்த பேர் அது.
நிஜப்பெயரிலேயே காசு இருந்ததை
நான் அப்புறம்தான் கவனித்தேன்.
தட்டில் சோறு போட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்,
விரல் இன்னும் உரசிக்கொண்டிருந்தது.