மூன்றடிச் சந்து

ஞாயிறு காலை ஓசூர் ட்ரிப் முடித்து வந்து
பின்கதவைத் திறந்தால்
என் சந்தில் பதினோரு சவுக்குக் கம்பு.
என் சன்ஷேடில் உட்கார்ந்து ஒருவன்
பீடி பற்றவைக்கிறான்.
கறிவேப்பிலைச் செடி
சிமெண்ட் பாலில் வெளுத்துக் கிடக்கிறது.

"யாரைக் கேட்டு?"
"மேஸ்திரி சொன்னாரு."
மேஸ்திரியைக் கேட்டால், ஓனர் சொன்னாராம்.
ஓனர் திம்மராயன்,
மாங்கூழ் ஃபேக்டரிக்கு லாரி விடுகிறவர்,
பல்குச்சியை எடுத்துவிட்டுச் சொன்னார்:
"என்ன கண்டக்டரே, மூணடிச் சந்துதானே."

மூணடிதான்.
கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
பதினேழு வருஷம் எச்சில் தொட்டுக் கிழித்த டிக்கெட்டில் வாங்கி
பேங்குக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கியிருக்கிற மூணடி.
நீளம் முப்பத்தாறு.
பெருக்கினால் நூற்றெட்டு.
கோயிலில் சுற்றினால் புண்ணியம்,
இங்கே தவணை.

கம்பை இறக்கச் சொன்னேன். இறக்கினார்கள்.
அன்று முழுக்கத் தெரு என்னை
சில்லறை தராத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

டிரைவர் நஞ்சுண்டன் சொன்னான்,
இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான், விடாதே.
நாகவேணி சொன்னாள்,
அவங்க சுவர் பூசாம நின்னா
ஐப்பசி மழை யார் வீட்டுல இறங்கும்?
இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல்
நைட் டூட்டிக்குப் போனேன்.

குருபரப்பள்ளி தாண்டும்போது தோன்றியது.
யாரையும் நான் சும்மா ஏற்றியதில்லை.
டிக்கெட் எடுத்தவரை
நடுவழியில் இறக்கிவிட்டதும் இல்லை.

முத்திரைத்தாள் வாங்கினோம்.
இருபத்தொரு நாள். காலை எட்டு முதல் மாலை ஐந்து.
பச்சை வலை கட்ட வேண்டும்.
சன்ஷேடில் கால் படக் கூடாது.
இருபதாயிரம் முன்பணம், சேதம் வந்தால் அதில் பிடித்தம்.
'இது அனுமதி மட்டுமே, பாத்தியதை அல்ல'
என்கிற வரியை
நோட்டரி கொட்டாவி விட்டபடி வாசித்தார்.
இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

சுவரின் பழைய விரிசல்களுக்கெல்லாம்
பென்சிலால் தேதி போட்டுப் படம் எடுத்தேன்.
அதே விரிசல்களை
திம்மராயனும் தன் போனில் எடுத்துக்கொண்டார்.

எல்லை தெரியட்டும் என்று
சர்வேயரைக் கூப்பிட்டது நான்தான்.
புலப்பட நகலை விரித்து, டேப்பை இழுத்து,
குப்பைமேனிக்குள் கல்லைக் கண்டுபிடித்து
எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.
"மூணடி இல்லீங்க. ரெண்டடி எட்டங்குலம்."

நாலங்குலம்.
முப்பத்தாறால் பெருக்க வாய் வரவில்லை.
என் துவைக்கல்லின் ஒரு ஓரம்
திம்மராயன் மண்ணில் உட்கார்ந்திருந்தது,
ஒன்பது வருஷமாக,
டிக்கெட் இல்லாமல்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.
சிரிக்கவில்லை.
"அதையும் எழுதிடலாம் கண்டக்டரே" என்றார்.
எழுதினோம். கல் இருக்கும்வரை இருக்கலாம்.
அனுமதி மட்டுமே, பாத்தியதை அல்ல.
இந்த முறை அவர்
இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார்.

கம்பு மறுபடி ஏறியது. வலை கட்டினார்கள்.
அஞ்செட்டியிலிருந்து வரும் கெம்பம்மா
மதியம் சந்து நிழலில் உட்கார்ந்து
களி உருட்டிச் சாப்பிடுவாள்.
உட்காரலாம் என்று தாளில் இல்லை.
கூடாது என்றும் இல்லை.
நாகவேணி சொம்பில் தண்ணீர் வைத்தாள்.

இருபத்திரண்டாம் நாள் காலை
ஒரே ஒரு கம்பு மிச்சம் நின்றது.
பழக்கதோஷம், விசிலை எடுத்து ஊதிவிட்டேன்.
மேஸ்திரி ஓடிவந்து பிடுங்கினான்.

சன்ஷேடு முனை உடைந்ததற்கு
ஆயிரத்து இருநூற்று அறுபது பிடித்தம்.
மீதியை எண்ணிக் கொடுக்கும்போது
கையில் நாற்பது ரூபாய் குறைந்தது.
திம்மராயன் ஒன்றும் பேசாமல்
ஒப்பந்த நகலைத் திருப்பி நீட்டினார்.
முதுகில் எழுதிக் கொடுத்தேன்:
பாக்கி 40.