ஆடித் தள்ளுபடி

ரெண்டு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம்.
பாடி மட்டும். லென்ஸ் தனி.
ரிச்சி தெருவில் குறுகலான மாடிப்படி ஏறினால்
கண்ணாடிப் பெட்டிக்குள்
நகைக்கடை வளையல்போல்
சற்றே சரித்து வைத்திருக்கிறார்கள்.

“ஆடி ஆஃபர் மேடம், பதினெட்டாயிரம் கழியும்”
என்கிறான் இம்தியாஸ்.
ஆடியில் எனக்கு ஒரு முகூர்த்தம்கூட இல்லை.
என் கை வறண்ட மாதமாகப் பார்த்துத்தான்
ஊரெல்லாம் விலை இறங்குகிறது.

என் பழையதை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.
ரப்பர் உரிந்த இடத்தில் நான் ஒட்டிய
சைக்கிள் ட்யூப் துண்டைத் தடவினான்.
கணினியில் செருகி எண்ணிக்கை சொன்னான்:
இரண்டு லட்சத்துப் பதிமூவாயிரத்து நானூற்று ஆறு.
இத்தனை முறை உள்ளே அந்தச் சிறு கதவு
திறந்து மூடியிருக்கிறது.
வியாசர்பாடி வளைகாப்புகள்,
கொளத்தூர் மஞ்சள்நீர்,
மழையில் மின்சாரம் போன மண்டபத்தில்
செல்போன் வெளிச்சத்தில் ஏறிய ஒரு தாலி.
“பதினோராயிரம் போட்டுக்கலாம்.”
மனசுக்குள் வகுத்தேன்.
திறப்புக்கு ஐந்து பைசா.

மீதிக்குத் தவணை, இருபத்துநாலு மாதம்.
அதில் ஆடி இரண்டு, மார்கழி இரண்டு,
புரட்டாசியையும் சேர்த்தால் ஆறு.
வங்கிக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

“சத்தமே வராது, பாருங்க.”
என் முகத்துக்கு நேரே பிடித்தான்.
நான் காத்திருந்தேன்.
“எடுத்தாச்சா?” என்றேன்.
எட்டு முழம் பட்டைச் சரிசெய்தபடி
சம்பந்தியம்மாக்கள் என்னிடம் கேட்பதை
முதல்முறையாக
நான் ஒருவனிடம் கேட்டேன்.

மாசியில் காசிமேட்டுக்குக் கூப்பிட்டார்கள்.
மூன்று வாரம் முன்னால் அதே வீட்டில்
மகளின் கல்யாணம் எடுத்திருந்தேன்.
இப்போது அப்பா ஐஸ் பெட்டிக்குள்.
கடைசியா ஒரு படம்மா, என்றார்கள்.
குனிந்து அழுத்தினேன்.
டக்.
ஒப்பாரி ஒரு மூச்சு நின்றது.
அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.
அந்தப் பெண், கையில் மருதாணி இன்னும் போகாதவள்,
என்னைத் தெரியாதவள்போல் பார்த்தாள்.

அந்த ஒரு டக்குக்காகவே வாங்கலாம்.
ஆனால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

“கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் மேடம்.”
தூக்கிப் பார்த்தேன்.
பச்சைக் கட்டம் இம்தியாஸைத் தாண்டி
கல்லாவுக்கு மேலே தொங்கும் காலண்டரில்
முருகனின் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது.
“அவரு அசைய மாட்டாருல்ல, ஈஸி”
என்று சிரித்தான்.

வாசலோரம் பையை மார்போடு அணைத்தபடி
கன்னியப்பன் நின்றிருந்தார்.
ஒன்பது வருஷமாக எனக்கு வெளிச்சம் பிடிப்பவர்.
ஒரு ஆல்பத்திலும் இல்லாதவர்.
எப்போதாவது ஓரத்தில் முழங்கை வரும்,
ராத்திரி உட்கார்ந்து வெட்டிவிடுவேன்.

கட்டம் அவர்மேல் போனது.
முகத்தைப் பிடித்தது, பிறகு சுருங்கி
இடது கண்ணில் நின்றது.
திரையில் பெரிதாக்கினேன்.
ஓரத்திலிருந்து வெள்ளையாகச் சதை
கருவிழி விளிம்புவரை ஊர்ந்திருந்தது.

“இது எப்பலேருந்து?”
“அது கெடக்குது, ரெண்டு வருஷமா.
வெளிச்சந்தான் கொஞ்சம் கூசும்.”

இம்தியாஸ் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து வைத்து
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.
சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.
சனிக்கிழமை என்ன ஆகிவிடும் என்று
எனக்கும் தெரியவில்லை.

கீழே இறங்கியதும் தூறல்.
சார்ஜர் விற்பவர்கள் பாலிதீன் தாளை இழுத்து மூடினார்கள்.
இரண்டு டீ சொன்னேன்.
எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரி எத்தனை மணிவரை என்று
கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் கேட்டார்:

“வாங்கப் போறியா?”
“தெரியலண்ணே. நல்லாத்தான் இருக்கு.
சத்தமே இல்ல.”

கன்னியப்பன் கிளாஸை உதட்டிலிருந்து இறக்கினார்.
ரொம்ப நேரம் யோசித்தார்.

“சத்தம் வரலன்னா
நான் எப்பம்மா கையை இறக்குறது?”