தசமப் புள்ளிக்கு வலப்பக்கம்

பெர்கன் துறைமுகத்தில் இரண்டு மீன்கடைகளுக்கும்
ஒரு பல் மருத்துவருக்கும் கணக்கெழுதுகிறேன்.
ஈரக் காலுறை என்ற இசை நிறுவனத்துக்கும்.
நிறுவனம் என்றால் யோருன்,
அவளுடைய சமையலறை மேசை,
கட்டிலுக்கடியில் விற்காத நானூறு இசைத்தட்டுகள்.

மீனுக்குக் கணக்கு எளிது.
வாங்கியவர் பணம் விற்றவர் கைக்கு.
நாற்றம்கூட யாருடையது என்று தெரியும்.

பாட்டுக்கு அப்படியில்லை.
மூன்று மாதத்துக்கொரு முறை அறிக்கை வரும்,
ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள், யூரோவில்.
ஒவ்வொன்றிலும் ஒரு நாடு, ஒரு பாட்டு,
பூஜ்யம், புள்ளி, பூஜ்யம், பூஜ்யம்,
அதன் பின்னால் ஏதோ ஓர் எண்
கூச்சத்தோடு நின்றுகொண்டிருக்கும்.
முந்திரிக்கும் கீழே, இம்மிக்குப் பக்கத்தில்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போடுகிறார்கள்,
ஆறாவது இலக்கம் வரை.
ஆறு யாருடையது என்பதுதான் அறிக்கையில் இல்லை.

விக்டிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
என் கீழ்வீட்டுக்காரி,
இதயப் பிரிவில் இரவுச் செவிலி.
பிப்ரவரி முழுக்க அஸ்லாக்கின் ஒரே தொகுப்பைத்தான் கேட்டாள்:
ஒரு பேஸ் கிளாரினெட்,
ஒரு பழைய கப்பல் பட்டறையின் எதிரொலி.
போகும் டிராமில், வரும் டிராமில்,
அக்கா இறந்த வாரம்
அடுப்பு மூட்டாமல் தரையில் உட்கார்ந்து.
வேறெதையும் தொடவில்லை.
மாதச் சந்தா நூற்றிருபத்தொன்பது குரோனர்.
"அவ்வளவும் அவனுக்குத்தானே போயிருக்கும்?" என்றாள்
மாடிப்படியில் என்னை நிறுத்தி.

போட்டுப் பார்த்தேன்.
எல்லோர் பணமும் ஓர் அண்டாவில் விழுகிறது.
அண்டாக்காரர் தன் பங்கை எடுத்தபின்
ஊர் முழுக்க ஒலித்த எண்ணிக்கைப்படி கரண்டி போகிறது.
உடற்பயிற்சிக் கூடங்களிலும் துணிக்கடைகளிலும்
நாள் முழுக்க ஓடும் குரல்களுக்கு,
விக்டிஸ் ஒரு முறையும் கேட்டிராத குரல்களுக்கு,
பெரும்பங்கு.
அஸ்லாக்கின் பக்கம் வந்தது பதினேழு குரோனர்.
அவள் இன்னும் சில இரவுகள் தூங்காமலிருந்தால்
இருபது வந்திருக்கும்.

"கொஞ்சம் போயிருக்கும்" என்றேன்.
கணக்கருக்கு அது பொய்யில்லை,
முழு எண்ணாக்குவது.

ஆனால் அறிக்கையில் ஒரு வரி உண்டு:
சிலி, நாற்பத்தொரு முறை.
பிறகு அதே ஊரிலிருந்து ஒரு கடிதம்.
ரெமேதியோஸ், செப்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுபவள்:
"எங்களுக்கு மழையே கிடையாது.
உங்கள் பட்டறைக் கூரையில் பெய்வதைக் கேட்கிறேன்."
கட்டிலுக்கடியில் கிடக்கும் நானூறில் ஒன்றுகூட
அந்தப் பாலைவனம்வரை நடந்திருக்காது.
யோருன் அதைக் குளிர்பெட்டியில் ஒட்டினாள்,
மின்கட்டண ரசீதின் மேலேயே.

ஏப்ரலில் மூவரும் உட்கார்ந்தோம்.
அஸ்லாக் படகுத்துறை வேலையிலிருந்து நேராக வந்தான்,
நகக்கண்ணில் கிரீஸ்.
"கொள்ளைக்காரர்கள்" என்றாள் யோருன்.
அவன் அறிக்கையைத் தொடவில்லை.
பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தான்.
அவளோடு போட்ட ஒப்பந்தம், நான்காம் பிரிவு:
பதிவுச் செலவு கழியும்வரை அவனுக்கு ஒன்றுமில்லை,
கழிந்தபின் பாதி.
"அண்டாவுக்குப் பிறகு ஒரு சட்டியும் இருக்கிறதே, யோருன்."

பட்டறைக்கு வாடகை நான் தந்தேன், என்றாள்.
தந்தாய்.
அட்டைக்கு அச்சுக்கூலி.
அதுவும்.
அப்புறம் அவளே, ரசீதுகளைப் பார்த்தபடி:
ஊதியது நீ.

இன்னும் கழிய வேண்டியது
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு.
இதே வேகத்தில் போனால் எப்போது தீரும் என்று கேட்டார்கள்.
அஸ்லாக்கின் தொண்ணூற்று மூன்றாம் பிறந்தநாளுக்கு
இரண்டு வாரம் முன்பு, என்றேன்.
அவன்தான் முதலில் சிரித்தான்.
யோருன் நான்காம் பிரிவை அடிக்கவில்லை.
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

கிளம்பும்போது ஒரு தட்டை எடுத்துக்கொண்டேன், விக்டிஸுக்கு.
இருநூற்றைம்பது குரோனர், தாளாகவே தந்தாள்,
மீன் வாங்குவதுபோல, கைக்குக் கை.
சுழற்றிக் கேட்க அவளிடம் கருவி இல்லை.
சுவரோரம் சாய்த்துவிட்டு,
காதில் பழையபடி மாட்டிக்கொண்டு
டிராமுக்கு ஓடினாள்.

அடுத்த அறிக்கையிலும் இருப்பாள்.
எந்த வரி என்று
எனக்குத் தெரியப்போவதில்லை.