முதலில் பதில் சொன்னவர்

மார்கழி வெள்ளத்தில் எங்கள் கணினி அறைக்குள் நின்றது
நாலு விரல் தண்ணீர்தான்.
பவர் சப்ளை மேலே, போர்ட் மேலே,
வன்தட்டு அடித்தட்டில்.
களுவாஞ்சிகுடித் தொழிற்பயிற்சி நிலையத்தின்
இருபத்திரண்டு பெட்டிகளையும் வெயிலில் பரப்பினோம்.
பதினேழு மூச்சு விட்டன.
ஞாபகம் ஒன்றுக்கும் இல்லை.

புதிய வன்தட்டு கேட்டுக் கொழும்புக்குக் கடிதம் போனது.
அடுத்த நிதியாண்டு என்று பதில் வந்தது.

அலுமாரிக்கு மேலே இருந்ததால் தப்பிய
ஒரே ஒரு சேர்வர்.
அதன் வயிற்றில் ஒரு லினக்ஸ்.
அதையே பதினேழு பேருக்கும்
வயர் வழியாக ஊட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

வட்டில்லாப் பெட்டி எழும்பும்போது பார்த்திருக்கிறீர்களா?
தொழிற்சாலை பொறித்த ஒரு எண் தவிர
தன்னைப்பற்றி அதற்கு எதுவும் தெரியாது.
கறுப்புத் திரையில் நின்றுகொண்டு
கிடைக்கிற எல்லா வயரிலும் கத்துகிறது:
யாராவது இருக்கிறீங்களா
நான் ஆர்
எங்க போனா நான் எழும்பலாம்

பிறகு ஒரு புள்ளி வைக்கிறது.
காத்திருக்கிறது.
இன்னொரு புள்ளி.

பதில் சொல்ல நான் எழுதி வைத்தது மூன்று வரி:
உன் முகவரி இது,
இன்ன சேர்வரிடம் போ,
இன்ன கோப்பைக் கேள்.
அரைப்புள்ளி விட்டுப்போனதில் ஒரு இரவு போனது.
அடைவின் பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்ததில் இன்னொன்று.

மூன்றாம் இரவு முகவரி கிடைத்தது.
ஆனால் கடைசி எண் நூற்று மூன்று.
நான் ஒதுக்கியதோ ஐம்பதிலிருந்து எழுபது வரை.
கோப்பு எங்கே என்று தெரியாமல்
நூற்று மூன்று அப்படியே நின்றது.

மருதமுனை அஸ்மிலாவுக்குப் போன் எடுத்தேன்.
பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டே சொன்னாள்:
"உங்கட வயருல இன்னொருத்தரும் பேர் வெக்கிறார்.
ஒபிஸ் றவுட்டரப் பாத்தீங்களா?"

அதிபரின் மேசைமேல் பச்சை விளக்கோடு
அது என்னைவிட வேகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளத்தில் எங்களைத் தங்கவைத்த பாடசாலையிலும்
முதலில் வந்தவன் ஒரு பெடியன்.
கையில் கிளிப் போட்ட அட்டை.
குடும்ப இலக்கம் நாற்பத்தொன்று என்று எழுதித் தந்தான்.
பாய் எந்த வாசலில், பார்சல் எந்த வாசலில் என்று
அவனுக்குத் தெரியாது.
வாசல் தெரிந்தவர் பின்னால் வந்தார்.
துண்டைப் பார்த்தார்.
"உங்களுக்குத்தான் தந்தாச்சே" என்று
அடுத்த குடும்பத்துக்குப் போனார்.

றவுட்டரை நான் கழற்றவில்லை.
வெளியுலகுக்கு வழி அதுதான்.
வழி காட்டு, பெயர் வைக்காதே என்று
ஒரு சிறு கட்டத்தில் இருந்த சரி அடையாளத்தை எடுத்தேன்.

அடுத்த முறை கடைசி எண் ஐம்பது.
கோப்பு வந்தது.
வெள்ளை வரிகள் மழைக்காலத்து ஈசல் மாதிரி
திரை முழுக்க ஏறின.
காவலாளி சீனித்தம்பி டோர்ச்சோடு எட்டிப் பார்த்தார்.
"உள்ளுக்க ஒண்டும் இல்லாம எப்பிடி மனே எழும்புது?"
சொல்லத் தொடங்கினேன்.
ஒழுங்கைக்குள் நாய் குரைக்க, போய்விட்டார்.

இப்போது வகுப்பு நடக்கிறது.
கரண்ட் போனால் பதினேழும் ஒரே கணத்தில்
எல்லாவற்றையும் மறக்கின்றன.
வந்தவுடன் பதினேழும் ஒன்றாய்க் கேட்கின்றன,
சேர்வர் இன்னும் கண் விழிக்காதபோது.
ஆகவே பலகையில் எழுதியிருக்கிறேன்:
கரண்ட் வந்தால் நூறு எண்ணிய பிறகு அழுத்தவும்.

திவாணுஜன் சத்தமாக எண்ணுவான்.
மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.
லோஜிகா மட்டும் எழுபதிலேயே அழுத்திவிட்டு
என்னைப் பார்க்காமல் இருப்பாள்.
அவள் திரையில்
ஒரு புள்ளி.
இன்னொரு புள்ளி.