பறிக்காத இலைக்கான ரசீது

மெத்தனால் கேன்களைப் பூட்டிவிட்டோம்.
சாவி மெஹருன்னிசா மேடத்தின் கைப்பையில்,
மாத்திரை டப்பாவுக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே.
இனி தண்ணீர்தான்.
கோரிமேட்டுக் குழாய்த் தண்ணீரில்லை. வடித்தது, உப்பற்றது,
குடித்தால் நாக்கில் எதுவும் தங்காதது.

மீயொலித் தொட்டியில் குடுவையை இறக்கினால்
ஒரு தோப்புச் சில்வண்டும் தகர டப்பாவுக்குள் அடைபட்ட சத்தம்.
கண்ணுக்குத் தெரியாத குமிழிகள்
இலையின் சுவரை முட்டி முட்டி உடைக்கின்றன.
அறுபது டிகிரி. இருபது நிமிடம்.
பதினோராவது நிமிடத்தில் கரண்ட் போகும்.

மறுபடி முதலிலிருந்து.

சிறுகுறிஞ்சான்.
செம்மடுவுப் பக்கம் வேலியில் தொடங்கி
காப்பிச் செடிகளின் தோளில் ஏறிவிடும்.
இரண்டு இலை மென்றபின் சர்க்கரையை வாயில் போட்டால் மணல்.
நம்பாமல் மென்றேன், சேர்ந்த முதல் வாரம்.
அன்றைய கேன்டீன் டீ வெறும் சூடு மட்டும்தான்.

சாற்றில் ஒரு சொட்டு.
ஊதாக் கரைசல் அரைமணி நேரம் இருட்டில் காத்திருக்கும்.
கதவைத் திறந்தால் மஞ்சள்.
நாவற்பழக் கறை எலுமிச்சைத் தோலாகியிருக்கும்.
எங்கோ கட்டவிழ்ந்து அலைந்த ஒன்றுக்கு
தன்னிடமிருந்து ஒரு துளியிலும் துளியைக் கொடுத்து
இலை அதை உட்காரவைத்திருக்கிறது.
இருநூறு தடவை பார்த்தாயிற்று.
இருநூற்றொன்றாவது தடவையும்
குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
அந்த ஊதாவைக் கரைக்க இன்னும் மெத்தனால்தான்.
பசுமை முறை என்று தலைப்பிட்ட தாளின் அடியில்
மூன்று மில்லி, பொடி எழுத்தில்.

தீர்த்தன் மாதம் இருமுறை வருவான்,
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி,
பைக் டேங்கின்மேல் சாக்கைப் படுக்கவைத்து.
பேசுவதெல்லாம் விலை.
காய்ந்தது இவ்வளவு, ஈரமென்றால் இவ்வளவு,
வேரோடு வேணும்னா அது தனி ரேட்டு,
வேரோடு கேக்குற கம்பெனிக்காரர் அஸ்தம்பட்டியில இருக்கார், தெரியும்ல?

ஐப்பசியில் வெறும் சாக்கோடு வந்தான்.
கொடி இப்பத்தான் துளிர் விடுது, கை வைக்கல.
கார்த்திகை முடியட்டும்.
சரி என்றேன்.
நின்றுகொண்டே இருந்தான்.
பெட்ரோல் நூத்தம்பது, என்றான்.
இலையே இல்லையே?
ஆமா, அதைப் பறிக்காம விட்டுட்டு வந்ததுக்குத்தான்.
பறிச்சிருந்தா குடுத்திருப்பீங்க இல்ல?

கொடுத்தேன்.

கணக்குப் பிரிவு எழிலரசு ரசீதைத் திருப்பி அனுப்பினார்.
பெறப்பட்ட பொருள் என்ற கட்டம் காலி.
பூஜ்யம் கிராம் என்று எழுதிப் பார்த்தேன்,
சிவப்பு மையில் சுழித்தார்.
கரைப்பானுக்குத் தலைப்பு உண்டு,
தொட்டி குடித்த மின்சாரத்துக்கு யூனிட் கணக்கு உண்டு,
பிழிந்தபின் எஞ்சிய சக்கை எங்கே போனது என்பதற்கு
ஒரு பத்தியே உண்டு.
கொடியிலேயே நின்றுவிட்ட இலையை
எந்தத் தலைப்பில் போடுவது, நீங்களே சொல்லுங்க மேடம்
என்றார். கிண்டலில்லை. உண்மையாகவே கேட்டார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கம்.
மலையின் காலடியில் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஒரு பள்ளம்.
அங்கே எடுத்தது அத்தனைக்கும்
ரசீது சரியாக இருக்கும்.

நூற்றைம்பது என் சம்பளத்தில் போனது,
அதுவும் மூன்று மாதமாக வராத சம்பளத்தில்.
ரசீதை ஆய்வுக் குறிப்பேட்டில் ஒட்டினேன்.
பக்கத்தில், மாதிரிகளுக்கு எழுதும் வழக்கப்படி எழுதினேன்:

எண் நாற்பத்தேழு. சிறுகுறிஞ்சான். செம்மடுவு.
எடை: அளக்கவில்லை.
சாறு: எடுக்கவில்லை.
நிறம்: இளம்பச்சை,
தீர்த்தன் சொன்னது.