கடைமடைக்கு எத்தனை வோல்ட்

செஸ்கா திரெபோவாவில் பிப்ரவரி.
நிஜ ரயில்கள் பனியில் தாமதம்.
எங்கள் ரயில்கள் நிலவறையில் தாமதம்:
பழைய டிரான்ஸ்பார்மர் போன வியாழக்கிழமை
ஒரு பெருமூச்சு விட்டு
கருகல் வாடையோடு போய்ச் சேர்ந்தது.

மேசைமேல் மூன்று வேட்பாளர்கள்.

முதலாவது யாரோ தானம் தந்த மடிக்கணினி அடாப்டர்.
தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்றான் ஒல்ட்ரிஹ்.
பார்ப்பேன்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.
மருத்துவமனையில் பதினோரு டயாலிசிஸ் இயந்திரங்களுக்கு
நான் பல் பார்க்கிறவள்.

காரின் பிரேக் விளக்கு பல்புகளைக் கம்பியில் கோத்து
சுமையாகக் கட்டினேன்.
ஒரு பல்புக்கு அடாப்டர் சிரித்தது.
இரண்டாவதற்குக் கண் சிமிட்டியது,
அணைந்தது, எழுந்தது, அணைந்தது,
தூங்கி வழியும் இரவுக் காவலாளி.
எடுத்து ஓரம் வைத்தேன்.

இரண்டாவது ஒல்ட்ரிஹின் செல்லம்.
பத்து ஆம்பியர், பாதி விலை,
பாதுகாப்பு முத்திரையில் ஓர் எழுத்துப்பிழை.
"இதை வைத்து வெல்டிங்கே செய்யலாம்!"
அதுதானே என் பயமும்.
நான்கு பல்புகளில் இருபது நிமிடம் நின்றது.
பிறகு மீட்டரில் பதினைந்து மெல்லப் பதின்மூன்றாக இறங்க
மூடியில் கை வைத்தவன்
கையை உதறிக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனான்.

மூன்றாவது சாம்பல் நிறம். ஐந்து ஆம்பியர்.
பேச எதுவும் இல்லாத பெட்டி.
அரை மணி நேரம் கழித்தும் அதன் உடம்பில்
ஆறிய பாலின் சூடு.
இதுதான், என்றேன்,
எனக்குக் கொஞ்சம் கர்வம்.

இனி நாணயச் சோதனை.
செம்பு நிறப் பத்துக் கொருனாவை
இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே போட வேண்டும்.
விபத்தை நாமே செய்து பார்ப்பது.
பெட்டி உடனே பதறி
மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.
மேசையருகே போட்டேன்: டக்.
நிலையத்தில் போட்டேன்: டக்.
அதோ அந்தக் கோடியில்,
சுரங்கத்துக்கு அப்பால், மரங்கள் முடிகிற இடத்தில் போட்டேன்.

ஒன்றுமில்லை.

நாணயம் கிடந்தது. மீட்டர் நான்கு ஆம்பியர் என்றது.
ஐந்தைத் தொட்டால்தான் பெட்டிக்குக் கோபம் வரும்.
நாங்கள் நால்வர் அந்த நாலைப் பார்த்துக்கொண்டிருக்க
மேசைக்கடியில் எங்கோ
கம்பியின் உறை மணக்கத் தொடங்கியது.
சொடுக்கிப் பிடுங்கினேன்.

"அது அழைப்புமணிக் கம்பி."
பசையும் பச்சைப் பஞ்சும் ஒட்டிய விரல்களோடு
ஸ்திஸ்லாவா.
இரண்டு வருடமாக மரம் மட்டுமே நடுகிறவள்.
"அந்த மேட்டில் வண்டி ஏன் மூச்சு வாங்குகிறது என்று
யாரும் கேட்கவே இல்லையே."

அளந்தேன்.
தலைமடையில் பதினைந்து.
ஒரே ஒரு வண்டி ஓடும்போதே
கடைமடையில் பதினொன்று.
வழியெல்லாம் கம்பி குடித்துவிட்டு
மிச்சத்தைத்தான் அனுப்பியிருக்கிறது.
தண்ணீர் வரவில்லை என்று
மூன்று நாளாக நான் ஏரியைப் பரிசோதித்திருக்கிறேன்,
வாய்க்காலில் இறங்காமல்.

அவள்தான் மல்லாந்து உள்ளே போனாள்.
தடித்த கம்பி, இரண்டு மீட்டருக்கு ஓர் இணைப்பு.
நான் டார்ச் பிடித்தேன்.
ஒல்ட்ரிஹ் ஈயத்தை நீட்டினான், கட்டுப்போட்ட கையால்.
பதினொன்று மணி ஆனபோது
அவள் முடியில் பாதிக் காடு.

மறுபடி அந்தக் கோடி. மறுபடி அதே நாணயம்.
டக்.
நிலையத்தின் விளக்குகள் அணைந்தன,
சரக்கு வண்டி பாலத்தின் நடுவில் உறைந்தது,
வண்டி நின்றுபோனதற்கு
நான்கு பேர் கைதட்டினோம்.

மேலே காப்பி இயந்திரத்தில்
அந்தப் பத்துக் கொருனாவைப் போட்டேன்,
விளிம்பில் இரண்டு கரும்புள்ளி.
துப்பியது.
திரும்பப் போட்டேன். துப்பியது.
நல்ல இயந்திரம், என்றேன்.
ஸ்திஸ்லாவா பையைத் துழாவி
வேறொன்று தந்தாள்.